கணக்கைச் சொல்லிக் காட்டுதல்
கெடாத் தமிழ்ப் பள்ளிகளும் மாணவர் காணொளியும்

ஐந்தில் மூன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனைக் கேட்டால், ஐந்தில் மூன்றே பெரிது என்று எழுதுவான். விடை சரி. ஆசிரியரும் சரியென்று குறியிட்டு அடுத்த கணக்குக்குச் செல்வார். அதே மாணவனை அழைத்து, அவ்விடை எவ்வாறு வந்ததென்று கேட்டால், “மூன்று ஒன்றைவிடப் பெரிது, ஐந்து நான்கைவிடப் பெரிது, ஆகையால் இதுதான் பெரிது” என்று அவன் சொல்லக்கூடும். ஏழில் இரண்டையும் மூன்றில் ஒன்றையும் அவன்முன் வைத்தால், அதே வழியிற் சென்று ஏழில் இரண்டே பெரிதென்பான். உண்மையிற் பெரியது மூன்றில் ஒன்று. முதற் கணக்கிற் பெற்ற புள்ளி, அறிவுக்குக் கிடைத்த புள்ளியன்று. எண்கள் தற்செயலாக ஒத்துவந்ததாற் கிடைத்த புள்ளி.

காகிதத்தில் எழுதிய விடை இத்தகைய பிழையை மறைத்துவிடும். வாய்விட்டுச் சொல்லும் விளக்கம் அதனை வெளிக்கொணரும். ஆனால் முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் காரணங் கேட்க எந்த ஆசிரியருக்கு நேரமிருக்கிறது? இந்த இடத்திலேதான் மாணவர் தாமே பதிவுசெய்யும் காணொளி, அதாவது வீடியோ, கணக்கு ஆசிரியரின் கவனத்துக்கு வருகிறது. மாணவன் ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறான். நோட்டுப் புத்தகத்தில் அதனைச் செய்துகொண்டே, ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறான் என்பதை இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்கிறான். கைப்பேசி அதனைப் பதிவுசெய்கிறது. ஆசிரியர் பிறகு அதைப் பார்த்து, அவனுடைய அறிவு எந்த நிலையில் நிற்கிறதென்று மதிப்பிடுகிறார். உலகின் பல பகுதிகளில் இம்முறை இப்போது கையாளப்படுகிறது.

கெடா மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இஃது ஏதோ தொலைவிலுள்ள புதுமையன்று. ஆண்டுதோறும் ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வும் நீங்கிற்று. 2022/2023 கல்வித் தவணையில் நான்காம் ஆண்டிலிருந்து மூன்றாம் படிவம் வரை ஆண்டிறுதிச் சோதனை ஒன்று தொடங்கப்பட்டதாயினும், பிள்ளையின் கல்விநிலையை உரைப்பதில் பெரும்பங்கு வகுப்பறை மதிப்பீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அம்மதிப்பீட்டில் புள்ளிகளுக்குப் பதில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலைகள் உள. கணக்கில் கீழ்நிலைகள் அடிப்படை அறிவையும் புரிதலையும் செய்முறையையும் குறிக்கும். மேல்நிலைகள் பிரச்சினைக் கணக்குகளைத் தீர்க்கும் திறனைக் குறிக்கும். ஆறாம் நிலையோ, வழக்கத்துக்கு மாறான கணக்கையும் தன் சொந்த வழியில் தீர்க்கவல்லவனுக்கு உரியது.

இந்த எண்ணை எழுதவேண்டியவர் வகுப்பாசிரியர். ‘என் மகனுக்கு ஏன் மூன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏன் ஐந்து?’ என்று தந்தை கேட்டால், காட்டுவதற்கு ஆசிரியரிடம் சான்று வேண்டும். ‘ஏ’ என்ற எழுத்தைப் பார்த்துப் பழகிய பெற்றோர் அடைவுநிலை என்ற சொல்லை எளிதில் நம்புவதில்லை. அவர்களைக் குறைகூறுவதற்கும் இல்லை. தமிழ்ப் பள்ளியின் ஆறாண்டு முடிந்ததும் அப்பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போய்விடும். அங்கே கணக்கு மலாயில், இருமொழித் திட்டம் நடக்கும் பள்ளிகளில் ஆங்கிலத்தில், கற்பிக்கப்படும். பின்னத்திலும் விழுக்காட்டிலும் உள்ள ஓட்டையை ஆறாம் ஆண்டுக்குள் கண்டு அடைக்காவிட்டால், முதற்படிவத்தில் வேற்றுமொழியின் சுமையும் அதன்மேல் ஏறும். அங்கே அப்பிள்ளை வாய்மூடி உட்கார்ந்துவிட்டால், குறை கணக்கிலா மொழியிலா என்று கண்டுபிடிப்பாரும் அரியர்.

நிற்க. மாணவனே ஆசிரியனாக நின்று விளக்குவது தமிழருக்குப் புதிதா? பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை மணலில் எழுத்தைக் காட்ட, சிறுவர் உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதினர். எண்சுவடியையும் அவ்வாறே ஒப்புவித்தனர். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளின் அநாதை விடுதியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், சுதேசிப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு, அம்முறையைத் தம் விடுதிக்குக் கொண்டுவந்தார். அவருடைய உதவியாசிரியர்கள் ஒத்துழைக்க மறுக்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் திறம்பட நடத்தினான். 1797இல் பெல் இதுபற்றி இலண்டனில் ஒரு சிறுநூல் வெளியிட, ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவலாயிற்று. திண்ணையில் பிறந்தது கடல் கடந்து சென்ற கதை இது. ஆயினும் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. திண்ணையில் பிள்ளை சொன்னது பெரும்பாலும் மனப்பாடம். ‘ஏன்’ என்ற கேள்விக்கு அங்கே இடம் குறைவு. காணொளியில் மதிப்புப் பெறவேண்டியது அந்த ‘ஏன்’ ஒன்றே.

பிறருக்கு விளக்குவதால் விளக்குபவனுக்கே அறிவு தெளிவுறும் என்பது பழைய நம்பிக்கை. அதைச் சோதனைக்கு உட்படுத்திய ஆய்வுகளும் உள்ளன. அமெரிக்காவில் மிஷலின் சீ என்ற உளவியல் அறிஞரும் அவருடைய துணைவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், பௌதிகக் கணக்குகளின் எடுத்துக்காட்டுகளைப் படிக்கும்போது தமக்குத்தாமே காரணஞ் சொல்லிக்கொண்டவர்கள், வெறுமனே படித்தவர்களைவிடப் பின்னர்க் கணக்குகளைச் சிறப்பாகச் செய்ததைக் கண்டனர். 2014இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹூகர்ஹைடேயும் உடனாய்வாளர்களும், கற்றதைக் காமிராவின் முன் விளக்கும் மாணவர்களை ஆராய்ந்தனர். பிறருக்கு விளக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு படிப்பது மட்டும் போதவில்லை. காமிராவின் முன் உண்மையாகவே விளக்கியபோதுதான் கல்வி வளர்ந்தது என்பது அவர்கள் கண்டது. காமிராவின் கண்ணாடிக்கு அப்பால் யாரும் இல்லை. ஆனால் யாரோ கேட்கப்போகிறார் என்ற எண்ணம், சொல்லைத் தேடவைக்கிறது போலும்.

மதிப்பீட்டுக்கு இதனினும் பயன்தருவது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு முறை. ஆன் நியூமன் என்னும் கல்வியாளர் 1977இல் வகுத்த பிழையாய்வில், வாசகக் கணக்கொன்றைச் செய்யும் பிள்ளை ஐந்து வாயில்களைக் கடக்கவேண்டும். முதலில் வாசகத்தைப் படிக்கவேண்டும். பின் அதன் பொருளை உணரவேண்டும். அடுத்து, கூட்டுவதா கழிப்பதா பெருக்குவதா என்று அதைக் கணக்காக மாற்றவேண்டும். பிறகு அக்கணக்கைப் பிழையின்றிச் செய்யவேண்டும். இறுதியில் விடையைக் கேள்விக்கு ஏற்ப எழுதவேண்டும். பிள்ளையை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொரு வாயிலிலும் கேள்வி கேட்டு, எங்கே தடுக்கி விழுந்ததென்று காண்பதே நியூமன் முறை. நல்ல காணொளி ஒன்று இந்த நேர்காணலின் பெரும்பகுதியைத் தானே செய்துவிடுகிறது.

தோட்டப்புறத்துக்குப் பழக்கமான ஒரு கணக்கைப் பார்ப்போம். மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறக்குறைய முப்பது முதல் நாற்பது விழுக்காடுதான் ரப்பர். மிகுதியில் பெரும்பகுதி நீர். பால் ஸ்டோரில் எடைபோடும்போது வெறும் எடையை மட்டும் கணக்கிடாமல், காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பது இதனால்தான். ‘ஒருவர் 24 கிலோ பால் கொண்டுவந்தார். அதில் ரப்பர் 30 விழுக்காடு. காய்ந்த ரப்பர் எத்தனை கிலோ?’ விடை 7.2 கிலோ. ஒரு பிள்ளை 0.8 என்று எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். 24ஐ 30ஆல் வகுத்துவிட்டது. விழுக்காடு என்றால் வகுத்தல் என்று மட்டுமே அதன் மனத்தில் பதிந்திருக்கிறது. வேறு இரண்டு பிள்ளைகள் 16.8 என்று ஒரே விடையை எழுதுகின்றன. காகிதத்தில் இரண்டும் ஒரே பிழை, ஒரே சிவப்புக் கோடு. ஆனால் பேசவைத்தால், ஒன்று “முப்பது விழுக்காட்டைக் கழித்தால் மிஞ்சுவது இது” என்கிறது. அந்தப் பிள்ளை பாலைக் கண்டதில்லை. காய்ச்சினால் முப்பது போய் எழுபது நிற்கும் என்று நினைத்துக்கொண்டது. மற்றதோ 7.2ஐச் சரியாகக் கண்டு, அது ரப்பர் என்றும் சொல்லி, கடைசியில் கேள்வியை மறந்து நீரின் எடையை எழுதிவைத்தது. முதலாவது தடுக்கியது பொருளுணர்வில்; இரண்டாவது தடுக்கியது கடைசி வாயிலில். முதற்பிள்ளைக்குக் கணக்கை மீண்டும் கற்பிப்பது வீண்வேலை. அதற்குப் பாலைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னாற் போதும்.

இவ்வெடுத்துக்காட்டில் இன்னொன்றும் மறைந்திருக்கிறது. கெடாவில் பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் வட்டாரங்களில் பால்மரம் நின்ற நிலங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன; பல தோட்டங்கள் வீட்டுமனைகளாயின; ‘லாடாங்’ என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய பள்ளிகள் சில, தோட்டத்தை விட்டுப் பட்டணத்தருகே பெயர்ந்துவிட்டன. பாட்டி பால்வெட்டியவள் என்று கேள்விப்பட்ட பிள்ளை உண்டு. வாளியில் பாலைக் கண்ட பிள்ளை குறைவு. ஆகவே தோட்டத்துப் பெயர் கொண்ட பள்ளி என்பதற்காக ரப்பர்க் கணக்கைக் கொடுத்தால் பிள்ளைக்குத் தானே விளங்கும் என்று எண்ணுவது தவறு. 1960இல் தொடங்கிக் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா வைத்திருக்கும் பங்கின் ஈவுத்தொகை, சுங்கைப் பட்டாணிச் சந்தையில் மீன் விலை, சிறுகடையில் நூற்றுக்கு இருபது தள்ளுபடி ஆகியவற்றைப் பிள்ளைகள் தாமே தேர்ந்து கணக்காக்கினால், விழுக்காடு என்ற சொல்லை அவர்கள் எப்படி உணர்ந்திருக்கிறார்கள் என்பது கணக்கைச் செய்யுமுன்பே தெரிந்துவிடும்.

இனி இம்முறையின் இடர்களுக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது நாட்டின் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வியமைச்சு பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எவ்விதக் கருவியும் இல்லையென்றும், ஏறக்குறைய 46 விழுக்காட்டினரிடம் கைப்பேசி இருந்ததென்றும் தெரிந்தது. அக்காலத்தில் பிள்ளைகள் செய்த பயிற்சியைப் படமாகவும் பதிவாகவும் ஆசிரியருக்கு அனுப்புவது நாடெங்கும் பழக்கமாயிற்று. தந்தை வேலைக்குக் கைப்பேசியை எடுத்துச்சென்றால் மாலையில்தான் பிள்ளைக்கு அது கிடைக்கும். அண்ணன் தங்கை மூவர் இருந்தால் மூவருக்கும் அது ஒன்றே. மாணவர் கைப்பேசியைப் பள்ளிக்குக் கொண்டுவருவதும் பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. ஆக, வீட்டில் செய்தால் கருவி இல்லை. பள்ளியில் செய்யலாமென்றால் கருவிக்கு அனுமதியில்லை.

இந்நிலையில் காணொளியின் அழகுக்குப் புள்ளி கொடுப்பது பெரும் அநீதியாகும். பட்டணத்து வீட்டில் வட்ட விளக்கும், நிறுத்துகாலும், படத்தை வெட்டி ஒட்டித்தரும் அக்காளும் இருக்கலாம். இசைகூடச் சேர்த்து அனுப்புவார்கள். தோட்ட வீட்டுப் பிள்ளையோ பால் மாவு டின்மேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்து, பின்னால் கோழி கூவப் பேசும். இரண்டும் ஒரே கணக்கைச் சரியாக விளக்கினால் இரண்டுக்கும் ஒரே நிலைதான். ஆசிரியர் இதை முன்கூட்டியே மாணவருக்கும் பெற்றோருக்கும் சொல்லிவிடுவது நன்று. முகத்தைக் காட்டவே வேண்டாம். நோட்டும் கையும் குரலும் போதும் என்று விதித்தால், நாணமுள்ள பிள்ளைக்கும் ஆறுதல். பிள்ளையின் முகம் ஊரெல்லாம் சுற்றும் என்ற பெற்றோரின் அச்சமும் நீங்கும். ஒரே மூச்சில் பதிவுசெய்யவேண்டும், வெட்டி ஒட்டக்கூடாது என்பதும் வேண்டும். பேசும்போது தவறு நேர்ந்து, அதைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் பிள்ளையின் பதிவு, பிசகே இல்லாத பதிவைவிடப் பல சமயம் அதிகம் சொல்லும். அத்தகைய இடத்தை வெட்டியெறிந்துவிட்டால் ஆசிரியருக்கு எஞ்சுவது வெறும் மெருகு.

பதிவின் தரத்தைத் தாழ்த்திவைப்பதும் சிறு செய்தியன்று. உயர்ந்த தரத்தில் எடுத்தால் ஒரு நிமிடப் பதிவே நூறு மெகாபைட்டுக்கு அருகில் போகலாம். முன்பணம் கட்டிய சிம்மில் அது பெற்றோரின் பணம். கருவியே இல்லாத வீடுகளுக்கு நேரிய வழி, பள்ளியிலுள்ள ஒரே கைக்கணினியை வகுப்பின் மூலையில் வைத்து, நாளுக்கு நான்கைந்து பிள்ளைகள் வீதம் பதிவுசெய்வது. கெடாவில் மாணவர் தொகை குறைந்த தமிழ்ப் பள்ளிகள் பல உண்டு. பிற செயல்களில் இக்குறைவு வருத்தந் தருவதாயினும், இங்கே மட்டும் அது வசதி. எட்டுப் பேர் உள்ள வகுப்பு இரண்டே நாளில் முடிந்துவிடும். பெரிய பள்ளிகளில் அப்படியன்று. முப்பது பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால், ஒருமுறை பார்க்கவே தொண்ணூறு நிமிடம். வாரந்தோறும் இதைச் செய்யச் சொன்னால் ஆசிரியர் கைவிட்டுவிடுவார். பின்னம், தசமம், விழுக்காடு போலப் பிள்ளைகள் வழக்கமாக இடறும் பகுதிகளுக்கு மட்டும், பருவத்துக்கு ஒன்றிரண்டு என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

வீட்டில் எடுத்த பதிவு பிள்ளையுடையதுதானா என்ற ஐயம் எழாமல் இராது. அண்ணன் எழுதித்தந்ததை ஒப்பிக்கும் பிள்ளையின் குரலே காட்டிக்கொடுக்கும். ஏற்ற இறக்கமின்றி, மூச்சுவிட வேண்டிய இடத்தில் விடாமல் ஓடும். ஐயந்தீர ஒரு வழியுண்டு. மறுநாள் வகுப்பில் அதே கணக்கில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி, முப்பதுக்குப் பதில் முப்பத்தைந்து விழுக்காடானால் என்னாகும் என்று அரை நிமிடம் கேட்டாற் போதும். விளங்கியவன் 8.4 என்பான், ஒப்பித்தவன் விழிப்பான். இந்தக் கேள்வி இல்லாமல் காணொளியை மட்டும் வைத்து நிலை எழுதுவது ஏற்கத்தக்கதன்று.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2003இல் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப் பள்ளிகளுக்கும் வந்தது. அதைக் கைவிடும் முடிவு 2009இல் எடுக்கப்பட்டது. 2016இல் இருமொழித் திட்டம் வேறு வடிவில் தொடங்கிற்று. இந்த அலைகளுக்கிடையே ஆசிரியர் சிலர், பிள்ளை காணொளியில் பேசும் தமிழின் தூய்மைக்கும் புள்ளி வைக்க விரும்பலாம். கணக்குப் பாடத்தில் அது பொருந்தாது. வீட்டில் பேசும் தமிழில், “இத இதால பெருக்கினா” என்று சொன்னாலும் சிந்தனை சரியாயிருப்பின் சரிதான். ஆனால் கலைச்சொல் வேறு. பகுதி, தொகுதி, விழுக்காடு என்ற சொற்களைப் பிள்ளை பொருளறிந்து ஆளுகிறதா என்பது கணக்கறிவின் பகுதியே. ஆறாம் ஆண்டின் பிற்பகுதியில், அதே விளக்கத்தை மலாயில் ஒருமுறை சொல்லவைக்கலாம்: பின்னம் பெச்சாஹான் ஆகும், விழுக்காடு பெராத்துஸ் ஆகும். தமிழில் தெளிவாக விளக்கிய பிள்ளை மலாயில் தடுமாறினால், குறை சொல்லில். இரண்டிலும் ஒரே இடத்தில் தடுமாறினால், குறை கணக்கில். முதற்படிவத்தில் பிரித்தறிய முடியாதென்று மேலே சொன்னதை இவ்விரு பதிவுகள் பிரித்துக் காட்டிவிடும்.

காணொளியால் அளக்கமுடியாதவையும் உண்டு. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நொடியில் சொல்லும் விரைவுக்கு வாய்ப்பாட்டுச் சோதனையே ஏற்றது. பேச்சுத் திறனுள்ள பிள்ளை அறியாததையும் அறிந்ததுபோற் காட்டவும், அறிந்த பிள்ளை சொல்வராமல் நிற்கவும் கூடும். காமிராவைக் கண்டதும் நடுங்கும் பிள்ளைக்கு ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து சொல்லும் உரிமை இருக்கவேண்டும். தவறான விளக்கத்தைத் தானே இரண்டு மூன்று முறை பதிவுசெய்து பார்த்தால் அத்தவறு மனத்தில் இறுகிவிடும் அபாயமும் உண்டு. ஆகையால் பதிவு வந்த சில நாட்களுக்குள் ஆசிரியரின் மறுமொழி போய்ச்சேர வேண்டும். அது நீண்டதாக இருக்கவேண்டுமென்பதில்லை. “ஐந்தையும் நான்கையும் ஏன் ஒப்பிட்டாய்? ஒரு ரொட்டியை ஐந்தாக வெட்டி ஒருதரமும், நான்காக வெட்டி ஒருதரமும் வரைந்து, எந்தத் துண்டு பெரிது என்று பார்த்து, மறுபடி சொல்” என்ற அளவே போதும்.

அந்த இரண்டாம் பதிவையும் முதற்பதிவையும் அடுத்தடுத்துப் பெற்றோர் கூட்டத்தில் தந்தைக்குப் போட்டுக் காட்டலாம். ஏன் மூன்று என்று கேட்டவர், தம் மகன் முதலில் சொன்னதையும் பிறகு சொன்னதையும் தம் காதாலேயே கேட்பார்.